மேனகாவின் தகடு எழுத்து

மேனகாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு மூச்சு வாங்கும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தகடு வெட்டும் கம்பெனியில் அவளும் சரிதாவாகிய நானும் ஒரே ஷிப்ட். அவள் மீனவக் குடும்பத்துப் பெண். அம்மா சந்திரகலா கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர்.

எங்கள் பழைய மிஷினின் சின்னத் திரையில் எண்கள் பச்சைக் கட்டம் கட்டமாக எரியும். அதைப் பார்த்துப் பார்த்து இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தமிழையும் இப்படி எழுதுகிறேன் என்று கிராஃப் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். தமிழ் முழுக்க வளைவுதானே, உருப்படுமா என்று சூப்பர்வைசர் ராஜ்கமல் கேலி செய்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவள் எழுதி முடிக்க இரண்டு வருஷம் ஆனது. சுழி, கொம்பு, கால் எல்லாம் கட்டமாகி, செங்கல் அடுக்கின மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. கம்ப்யூட்டரில் எழுத்துருவாக ஏற்றி 'தகடு' என்று பெயரும் வைத்தாள்.

அவள் ஆசை ஒன்றே ஒன்று. தன் ஊரின் நாற்பது படகிலும் பெயர் இந்த எழுத்தில் நிற்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வரும் படகின் பெயரை முதலில் கூவுகிற பெண்தான் ஏலத்தில் முதலில் விலை கேட்கலாம். ஆகவே தூரத்திலேயே பெயர் தெரிந்தாக வேண்டும். செல்வகுமாரின் படகில் எழுதிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். படகுக்கு அவருடைய அம்மா பெயர்: அஞ்சலாட்சி.

எழுத்தைத் தகட்டில் வெட்டி, மணலில் ஏற்றி வைத்திருந்த படகின் மேல் பிடித்து, வெள்ளை பெயிண்ட் அடித்தோம். கண்ணைப் பறித்தது. மறுநாள் நல்ல மீன்பாடு. கனத்தில் படகு அமிழ்ந்து, எழுத்தில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. வெறும் படகை அளந்த மடச்சிகள் நாங்கள்!

"உன் எழுத்தப் படிக்கணும்னா நாங்க மீனே புடிக்கக் கூடாது போலருக்கு" என்றார் செல்வகுமார். கரையே சிரித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்கள் பஞ்சாயத்தார்.

நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. எழுத்தின் உயரத்தைப் பாதியாக்கி, அகலத்தை இரட்டிப்பாக்கி, படகின் மேல்விளிம்பை ஒட்டி ஏற்றினாள். வளைந்த எழுத்தை இப்படி அமுக்கினால் நசுங்கிப்போகும். இது அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் காலையில் ஆறு படகு சேர்ந்தாற்போல வந்தன. எல்லாமே மீன் கனத்தில் தாழ்ந்திருந்தன. நானும் மேனகாவும் தண்ணீர் ஓரத்தில் நின்றோம். கண்ணைச் சுருக்கி நின்ற பெண்கள் நடுவிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அஞ்சலாட்சி!"

கூவியது சந்திரகலா. எதிரில் நிற்பது மகள் என்றுகூட அந்த அம்மாவுக்கு உறைக்கவில்லை. "நவுருடி அந்தாண்ட" என்று தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, கூடையோடு ஓடினார். பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள். மீதி ஐந்து படகுக்காரர்களும் தங்கள் படகின் பெயரைத் தாங்களே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள்.

எழுத்தைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து மேனகா சிரித்தாள்.

"சரிதா, எழுத்துன்னே தோணாம படிச்சிட்டாங்கடி."