வருகிறீர்களா என்று கேட்ட செயலி

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திவிடுவாள், அந்தக் கவலை எனக்கில்லை. இது பெரியவளின் கதை. அதனால் ‘நீ’ என்று எழுதும் இடமெல்லாம் அவள்தான். சின்னவனே, உனக்கு அப்போது மூன்று வயது. என்ன நடந்தது என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியவளே, உனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்த வார்த்தையே புதிது. ஆனால் அது என்ன என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. நீ ஒரு வார்த்தையைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாய். காலையில் மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு ஆள் ஏற்றிப்போகும் நம் வண்டியை எடுக்கும்போது எல்லாரையும்போல “வர்றேன்” என்று சொல்வேன். நீ வாசலிலேயே நிற்பாய். ஒருநாள் கேட்டாய்:

“போறப்போ இன்னாத்துக்குப்பா வர்றேன்னு பொய் சொல்றே?”

அன்றிலிருந்து “போறேன், ஆறு மணிக்கு வருவேன்” என்று சொல்லப் பழகினேன். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “போறேன்னு சொல்லிட்டு வூட்டத் தாண்டாதய்யா, நல்லாவா கீது?” என்று தினமும் திட்டினாள். நம் வண்டியின் கதவில் பெயிண்டர் ‘போய் வருக’ என்று எழுதியிருப்பதையும் நீ விடவில்லை. “எப்ப வரணும்னு போடலியே” என்பாய்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் நீ பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தாய். உனக்குச் சரியென்று பட்டதைச் சொன்னால் வகுப்பே சிரித்தது. பேசாத நேரத்தில் வரைந்தாய். நம் வண்டியை மட்டும் ஒரு நோட்டு முழுக்க வரைந்திருந்தாய். அப்போதுதான் ஒடுகத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், உன்னைப்போன்ற பிள்ளைகளுக்காக ஒருநாள் ஓவிய முகாம் என்று தெரிந்தது. பதிவு செய்வதெல்லாம் போனில், ஒரு செயலியில். நீயே உன் பெயரைப் போட்டாய். இடமும் கிடைத்தது. ஒரு வாரம் உன் தூக்கத்தில்கூட அந்த முகாம்தான்.

முகாம் சனிக்கிழமை. புதன்கிழமை நீயும் நானும் வண்டியில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வளைவில்தான் நமக்கு டவர் கிடைக்கும். அங்கே நிறுத்தினேன். போன் சத்தம் போட்டது. செயலியில் ஒரு கேள்வி: ‘முகாமுக்கு வருகிறீர்களா?’ கீழே ஆம், இல்லை. பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. நீ யோசித்து ‘இல்லை’யை அமுத்தினாய். ‘உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது’ என்று வந்தது.

“இன்னாம்மா பண்ணே?”

“நான் இங்க கீறேன். அங்க போவேன். வரமாட்டேன்ல?”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். செயலியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது அந்தச் செயலியைச் செய்த பெண்ணே. சின்ன வயசுக் குரல்.

“கவலைப்படாதீங்கண்ணா. தவறுதலா அழுத்திட்டாங்கன்னு ஒரு பொத்தான் இருக்கு. அதைப் போட்டா இடம் திரும்பிடும். போட்டுடட்டுமா?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ என் முகத்தையே பார்த்தாய். “நான் தப்பா அமுத்தல” என்றாய், மெதுவாக. பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரல் அது.

‘போடு’ என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

“போடாதம்மா. பொண்ணு சரியாத்தான் அமுத்திச்சி. கேள்விதான் தப்பு.”

“அண்ணா, எல்லாரும் இப்படித்தானே கேப்பாங்க?”

“எல்லாருக்குமா முகாம் வெச்சீங்க? இந்தப் புள்ளைங்களுக்குத்தானே?”

அந்தப் பொத்தானைப் போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றாள். போகட்டும், அந்தப் பிள்ளையிடமும் இதே கேள்வியைத்தானே கேட்பாய், இல்லை என்று அமுத்தினவர்களுக்கெல்லாம் ஒரு போன் போட்டுக் கேள் என்றேன்.

வீட்டில் உன் அம்மா சோற்றைத் தட்டில் வைத்த வேகத்திலேயே எனக்குப் புரிந்தது. “ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவே? உன் ரோஷத்துக்குப் புள்ள எடம் போச்சி.” எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இடம் போனால் வேறு இடம் பார்க்கலாம், நீ இனி வாயே திறக்காமல் போனால் எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் அதே வளைவில் அந்தச் செயலிப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். “அண்ணா, கண்ணமங்கலத்துல ஒரு பையன் ‘நான் வூட்லதான் கீறேன், எப்படி வர்றேன்னு சொல்றது’ன்னு கேக்கறான். இன்னும் ரெண்டு பேர் கடிகாரத்தைப் பாத்துப் பயந்து கையில பட்டத அழுத்தியிருக்காங்க. பாப்பாவை ஒடுகத்தூருக்குக் கூட்டிட்டு வர முடியுமா?”

அன்று மதியம் நம் வண்டியிலேயே அவள் லேப்டாப்பும் நீயும் எதிரெதிரே. ஒவ்வொரு கேள்வியாகக் காட்டினாள். ‘உடன் வருபவர்கள் எத்தனை பேர்?’

“வண்டில எத்தினி பேர் ஏறுவாங்கன்னு காலையிலதான் தெரியும்,” என்றாய்.

அவள் சிரித்தாள். உடனே, “உன்னைப் பாத்துச் சிரிக்கல பாப்பா, நான் எழுதினதைப் பாத்து,” என்றாள். நீ அதை ஏற்றுக்கொண்டாய். அங்கேயே கேள்வியை மாற்றினாள்: ‘மண்டபத்தில் உன்னோடு இருக்கப்போவது யார்?’ நொடி எண்ணும் கடிகாரத்தை நீக்கினாள். அந்த ‘வருகிறீர்களா’ இப்படி ஆனது: ‘சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த மண்டபத்தில் இருப்பாயா?’ மேலே மண்டப வாசலின் படம். கீழே இருப்பேன், இருக்க மாட்டேன். அமுத்தின பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

“வண்டி லேட்டாச்சின்னா?” என்றாய்.

‘பத்தரை வரைக்கும் கதவு திறந்திருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

உங்கள் நான்கு பேருக்காக யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. மண்டபக்காரர் சாப்பாட்டுக் கூடத்தையும் திறந்துவிடச் சம்மதித்தார். நான்கு பாய் கூடுதலாக விரித்தார்கள். புதுக் கேள்வி எல்லாருடைய போனுக்கும் போனது. நீ ‘இருப்பேன்’ என்று அமுத்திவிட்டு என்னிடம் காட்டினாய்.

சனிக்கிழமை நீ அங்கே இருந்தாய். வாசலைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போனாய். சாயந்திரம் உன் அம்மா ஓவியத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லாகீது, உங்கப்பனத்தான் காணோம்,” என்றாள். “அப்பா வெளிய நின்னாரு,” என்றாய். அது உண்மை.

மறுநாள் காலை முதல் நடைக்கு முன்னால், யாரும் ஏறாத நேரத்தில், வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். ‘போய் வருக’வை அழிக்கவில்லை. அதன் கீழே ‘மாலை ஆறு மணிக்கு’ என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். காயும் வரைக்கும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.