பதினேழு டிகிரி வீடு

அதோல் டைரீன் நாற்பத்தொரு வருடம் மின்கம்பம் ஏறியவர். ஹுவான் பள்ளத்தாக்கில் புயலடித்துக் கம்பி அறுந்த இடத்துக்கெல்லாம் ஏணியோடு போய், இருட்டில் கிடந்த வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட மனிதர் தன் சொந்த வீட்டில் மின்சாரத்தைச் சொட்டு மருந்து மாதிரி அளந்து விடுவார் என்று ஜீவ்ஸ்டன் ஊரில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய வால்மாகூட நினைக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அதோலுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து விறகு பிளக்க முடியாமல் போனதும், பழைய விறகு அடுப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டுகிற மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கினார்கள். முதல் குளிர்காலம் ராஜபோகம். இருபத்து நாலு டிகிரியில் வைத்துப் பகலெல்லாம் ஓடவிட்டார்கள். பூமியின் அந்தத் தென்கோடியில் கடுங்குளிர் அடிக்கும் ஜூலை மாதத்தில் வால்மா வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தாள். அப்புறம் பில் வந்தது. ஊர் ஆப்பிள் குளிர்பதனக் கிடங்குக்குப் போகவேண்டியது வழி தவறி இங்கே வந்துவிட்டதோ என்று அதோல் உறையைத் திருப்பித் திருப்பிப் பெயரைப் பார்த்தார். பெயர் அவருடையதுதான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் இரண்டு பேருக்கு அது சாதாரண அடியல்ல. அந்தப் பயம் அவர் மனசில் குடியேறி, பிறகு வெளியேறவே இல்லை.

மறு வருடத்திலிருந்து பதினேழு டிகிரி. அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ரிமோட் எப்போதும் அவருடைய ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. குளிக்கப் போனால் குளியலறைக்கும் கூடவே போயிற்று.

வால்மா இருபத்தாறு வருடம் ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தவள். குளிர்ந்த தண்ணீரில் பழம் கழுவிக் கழுவி அவள் விரல்களுக்கு ஒரு கோளாறு வந்திருந்தது. கொஞ்சம் குளிர்ந்தாலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து மரத்துப் போய்விடும். ஆனாலும் அழுது வடிகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“அதோல், இந்த வீட்டுல ஃப்ரிட்ஜ் எதுக்கு? வெண்ணெயத் தூக்கி சோஃபால வெச்சாப் போதுமே.”

“மேல ஒரு ஸ்வெட்டரப் போட்டுக்க.”

“மூணு போட்டிருக்கேன். நாலாவதும் போட்டா கை மடங்காது. அப்புறம் உனக்கு டீ யாரு போட்டுக் குடுப்பா?”

இப்படியே நாலு குளிர்காலம் போயிற்று. ஐந்தாவது குளிர்காலத்தில், ஜூன் பிறந்ததும், அவள் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். காலை பத்து மணிக்குத் தலை வாரி, கோட்டை மாட்டிக்கொண்டு, “ஊருக்குள்ள போயிட்டு வரேன்” என்று கிளம்புவாள். நாலரைக்குத் திரும்பி வருவாள். அதோல் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. தினமும் சாயங்காலம் வெளிச்சுவரில் இருக்கும் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பகலில் ஆளில்லாத வீட்டில் ஹீட்டரை அணைத்து வைத்ததால் அது ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

அவரோடு கம்பம் ஏறிய க்ளாரியிடம் கிளப்பில் இதைப் பெருமையாகச் சொன்னார்.

“போன வருஷத்துல பாதிகூட ஓடலடா. எல்லாம் ஒழுங்கா இருந்தா ஒழுங்கா ஓடும்.”

க்ளாரி பீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார். “உன் பொண்டாட்டி உயிரோட இருக்காளான்னு பாத்தியா?”

ஜூலையில் ஒருநாள், ஓய்வூதியக்காரர்களுக்கான மின்கட்டணச் சலுகைக்கு ஒரு படிவம் தேவைப்பட்டது. அதை அச்செடுக்க அதோல் ஊர் நூலகத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து நூலகப் பெண் ரொவீனா சிரித்தாள்.

“வால்மாவக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? மணி இன்னும் பதினொண்ணுகூட ஆகலியே.”

“வால்மா இங்கயா இருக்கா?”

ரொவீனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “தினமும் வராங்களே, அதோல். கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க. இங்க இதமா இருக்குன்னு…” அதற்கு மேல் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதோல் புத்தக அலமாரிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். ஜன்னலோரத்து மேஜையில் ஆயிரம் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கும் படப் புதிர் ஒன்று பாதி கூடியிருந்தது. அதைச் சுற்றி மூன்று பெண்கள். நடுவில் வால்மா. கோட் நாற்காலி முதுகில் தொங்கியது. மெல்லிய நீலச் சட்டையின் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த தோழி நொயலீன் என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் முழங்கையை அதோல் மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார். மேஜைக்கு அடியில் அவள் கால்களில், வீட்டில் காணோமே என்று அவர் தேடிய கம்பளிச் செருப்பு இருந்தது. நூலகத்திலேயே வைத்திருக்கிறாள் போல.

படிவத்தை எடுத்துக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, ஹீட்டரை வழக்கமான பதினேழில் போட்டு, இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டு, வால்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் அவர் ஒருநாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. கொட்டகைக்குப் போவார், தோட்டத்தைக் கிளறுவார், மீட்டரைப் பார்க்க ஓடுவார். நடமாடுகிறவனுக்குப் பதினேழு டிகிரி பெரிய விஷயமில்லை. அரை மணி நேரத்தில் கணுக்கால் வழியாக ஏதோ ஈரம் மாதிரி ஏறியது. குனிந்து தரைப்பலகையில் கையை வைத்தார். இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

நாலரைக்கு வால்மா வந்தாள்.

“லைப்ரரில உன்னப் பாத்தேன்” என்றார்.

“ரொவீனா சொன்னா. ஃபாரத்த விட்டுட்டு ஓடிட்டியாமே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நாலு வருஷமா சொல்லிட்டுத்தானே இருந்தேன்? நீ மீட்டரப் பாத்துட்டு இருந்த.”

அதோல் ஸ்வெட்டர் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து மேஜைமேல் அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒரு விரலால் அதைத் திருப்பித் தள்ளினாள்.

“மறுபடியும் அந்த மாதிரி ஒரு பில் வந்தா நீ தூங்க மாட்ட. நீ தூங்கலன்னா நானும் தூங்க முடியாது. அது எனக்கு வேணாம்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“நாப்பது வருஷம் எங்க பழுதுன்னு தேடித் தேடிக் கம்பம் ஏறுன ஆளுதானே நீ? குளிர் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடி போ.”

மறுநாள் காலையிலேயே டார்ச்சோடு, மரக்கால்கள் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனார். தரைப்பலகைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எழுபது வருடப் பலகை, அதற்குக் கீழே மண், நடுவில் ஆற்றிலிருந்து கிளம்பி வருகிற காற்று. கூரையைப் பார்க்க க்ளாரியைத் துணைக்குக் கூப்பிட்டார். மேலே ஏறும் துவாரத்தில் மார்பு நுழைந்தது, வயிறு நுழைய மறுத்தது.

“மேல போறியா, கீழ வரியா? முடிவு பண்ணிச் சொல்லு. மூணு மணிக்கு நான் பல் டாக்டரப் பாக்கப் போகணும்” என்றார் கீழே நின்ற க்ளாரி.

“காலப் புடிச்சுத் தள்ளுடா!”

“எந்தப் பக்கத்து இடுப்புடா நல்ல இடுப்பு?”

வால்மா சமையலறை வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒருவழியாக உள்ளே போய்ப் பார்த்தால், குளிர் தடுக்க எப்போதோ போட்ட பஞ்சையெல்லாம் ஒரு மூலையில் குவித்து, பொசம் என்கிற பூனையளவு மரவிலங்குக் குடும்பம் ஒன்று சொகுசாகக் குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. கூரையின் மற்ற பகுதி மொட்டை. இத்தனை வருடமாக ஹீட்டர் விட்ட சூடெல்லாம் நேராக வானத்துக்குப் போயிருக்கிறது.

மூன்று வருடமாகத் தண்ணீரில் இறக்காத சின்னப் படகு ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதை விற்று, கனமான கம்பளிப் பஞ்சுப் பட்டைகள் வாங்கினார். அவரும் க்ளாரியும் அவற்றைக் கூரையில் விரித்தார்கள். தரைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு பட்டையாக அடைத்தார்கள். கதவிடுக்குகளுக்கு ரப்பர் ஒட்டினார்கள். வால்மா ஜன்னல்களுக்குத் தரை தொடும் தடித்த திரை தைத்தாள். பின்பக்கத்து இரண்டு அறைகளையும் செப்டம்பர் வரை பூட்டி வைப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் முடிய மூன்று வாரம் பிடித்தது. மூன்று வாரமும் அதோலின் காதிலும் மூக்கிலும் பஞ்சு.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், இருபது டிகிரியில் வைத்த ஹீட்டர் போதும் என்று தானாகவே நின்றது. அப்புறம் வெகுநேரம் அது ஓடவில்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே வால்மாவின் விரல்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. அந்தக் காலாண்டு பில், பதினேழு டிகிரியில் நடுங்கிய வருடங்களில் வந்த பில்லைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. அதோல் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வால்மா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“லைப்ரரிக்கு.”

அதோலுக்குச் சுருக்கென்றது. “இப்பத்தான் இங்கயே சூடா இருக்கே!”

“இருக்கு. நல்லாவே இருக்கு. ஜூன்ல போனது சூட்டுக்காக. இப்பப் போறது நொயலீனுக்காகவும் மத்தவங்களுக்காகவும். அந்தப் படத்துல வானம் பூரா பாக்கி கெடக்கு. எல்லாத் துண்டும் ஒரே நீலம்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது. “சும்மா மொறைக்காத. நீயும் வா. நீளமா கையிருக்கற ஒரு ஆளு எங்களுக்கு வேணும்.”

போனார். முதல் பத்து நிமிடம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு நீலத் துண்டு சரியாகப் பொருந்தியது. அதற்கப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. மதியத்துக்கு முன்னால் நூலகத்துப் பக்கவாட்டுக் கதவிடுக்கில் காற்று வருவதைக் கண்டுபிடித்து, ரொவீனாவிடம் அனுமதி வாங்கி, மறுநாளே வந்து அதையும் அடைத்துக் கொடுத்தார்.

அதைப் பார்த்த நொயலீன் கேட்டாள். “என் வீட்டுக்கு அடியிலயும் கொஞ்சம் எட்டிப் பாக்கறீங்களா? குளிர்ல வீட்டுல இருந்தா நான் கட்டிலவிட்டு எறங்கறதே இல்ல.”

அடுத்த வாரம் அதோலும் க்ளாரியும் நொயலீன் வீட்டுத் தரைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்கள். தலைக்கு மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், பெண்கள் டீ குடிக்கும் சத்தம் கேட்டது. வால்மாவின் குரல் தெளிவாக வந்தது.

“கஞ்சன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு வேலையக் குடுத்துட்டா உருப்படியாச் செய்வான். என்ன, அந்த வேலையக் கண்டுபிடிச்சுக் குடுக்கத்தான் எனக்கு நாலு வருஷம் ஆச்சு.”

மேலே எல்லோரும் சிரித்தார்கள். அதோல் கையிலிருந்த பஞ்சுப் பட்டையை அடைக்காமல், அசையாமல், இன்னும் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

“டேய், செத்துட்டியா?” என்றார் க்ளாரி.

“சும்மா இருடா” என்றார் அதோல்.