வழியெல்லாம் பூ இறைத்த வண்டி

போன வாரம் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். "பின்னாடி விரிச்சிருக்க ரப்பர் ஷீட்டத் தூக்கிப் பாத்துக்கங்கண்ணே" என்று விற்றவரே சொன்னார்.

"வேணாம்ணே, இஞ்சின் சத்தத்துலயே வண்டி எப்படின்னு சொல்லிருவேன்" என்றேன். பெயின்ட் வேறு பளபளவென்று இருந்தது.

இன்று நிலக்கோட்டையில் பன்னீர் ரோஜா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் கிளம்பினேன். பின்னால் வந்த ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. ரோட்டோரம் நின்ற பெரியவர், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

நம்ம வண்டிக்கு இம்புட்டு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

டீ குடிக்க நிறுத்தியதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரு அப்பு தவறுனது? நெருங்கின சொந்தமா?"

திரும்பிப் பார்த்தேன். வந்த வழி முழுக்க ரோஜா.

மூட்டைக் கனத்தில் ரப்பர் ஷீட் பிய்ந்து, அடியில் துரு தின்ற ஓட்டை வாயைப் பிளந்திருந்தது. தகட்டு முனை சாக்கையும் கிழித்துவிட்டது. இஞ்சின் சத்தம் மட்டும் அருமை.

"வண்டியோட அடித்தகடுண்ணே. ரொம்ப நாளா முடியாம இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாலை வாங்க வேண்டாம். நல்ல வெல்டர் ஒருவரைச் சொல்லுங்கள், போதும்.