ராஜா தாவிய சனிக்கிழமை

செஸ் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் வாயைத் திறக்காமல் இருப்பவை காய்கள் மட்டும்தான்.

டியூஷன், தையல், டைப்ரைட்டிங் என்று எதையாவது சொல்லிக்கொடுத்துப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். நெல்லித்தோப்பில் ஒரு மாவு மில்லுக்கு மேலே பெரியவர்களுக்கு செஸ் வகுப்பு நடத்துகிறேன். கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். சுவரில் என் கையால் எழுதி மாட்டிய அட்டைகள் இரண்டு. ஒன்று, ‘தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும்’. இன்னொன்று, ‘இங்கே பழைய ஆட்டம் மட்டும்’. அந்த இரண்டாவது அட்டை இறங்கிய கதைதான் இது.

போனில் புதுசு புதுசாக ஆட்டம் வந்துவிட்டது. காய்களைக் கலைத்து வைத்து ஆடுவது, நாலு பேர் கூடி ஆடுவது, தோற்றவன் ஜெயிப்பது! இதெல்லாம் செஸ்ஸா என்று எரிந்து விழுவேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். இருபது வருஷமாக மனப்பாடம் செய்த மூவ்களை எடுத்துவிட்டால் இந்த ஆளிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

பதினைந்து மூவ்

கலைவாணி லாஸ்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் நேராக வகுப்புக்கு வருவார். என் வழக்கப்படி ஆரம்ப மூவ் பதினைந்தையும் அவரை நெட்டுருப் போட வைத்தேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் பன்னிரண்டாவது மூவில் தடுமாறினார். "இது நூறு வருஷமா எல்லாரும் ஆடுற மூவ்மா, இதைப் போய் மறக்கலாமா?" என்று கடிந்துகொண்டேன்.

"ஆபீஸ்ல போன வருஷ ஃபைலப் பாத்து எழுதுறேன். இங்க நூறு வருஷ ஃபைலப் பாத்து ஆடுறேன். நான் யோசிக்கிறது எப்ப சார்?"

தள்ளிவிடும் கலை

டீ குடித்துவிட்டு மாடி ஏறினால் உள்ளே ஒரே சிரிப்பு. தவளக்குப்பம் ஜங்ஷனில் மீன் கடை வைத்திருக்கும் சங்கர், கலைவாணியோடு அந்தத் தலைகீழ் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். தன் காய்களை எல்லாம் முதலில் வெட்டுக் கொடுத்துத் தீர்ப்பவர்தான் ஜெயித்தவர். எதிராளி நீட்டும் காயை வெட்டாமல் விடவும் கூடாது. பழைய ஆட்டத்தில் ராணியைக் கட்டிக் காக்கத் தெரியாத சங்கர், இதில் யானை, குதிரை, ராணி என்று வரிசையாக எதிராளி தலையில் கட்டிக்கொண்டிருந்தார். கலைவாணி வேறு வழியில்லாமல் வெட்டிக்கொண்டே போனார்.

நான் அட்டையைக் காட்டினேன். சங்கர் அசரவில்லை. இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இந்தத் திறமையை என்று எரிச்சலோடு கேட்டேன்.

"மத்தியானம் ஆச்சுன்னா மீனு கையில நிக்கக் கூடாது சார். எவன் தலையிலயாவது கட்டிட்டுத்தான் மறுவேல. நான் தெனம் ஆடுற ஆட்டம்தான் இது."

முசியே வீட்டு ரூல்

வின்சென்ட் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் முசியே, பிரெஞ்சில் ‘ஐயா’. செக் என்று சொல்லமாட்டார், ‘எஷெக்’ என்பார். ஒரு நாள் அவர் ராஜாவை மூலையில் மடக்கி, மேட் என்று நாற்காலியில் சாய்ந்தேன். அவர் நிதானமாக ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். ஆட்டத்துக்கு ஒரு தடவை ராஜா அப்படித் தாவலாமாம். அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் அதுதான் சட்டமாம். இங்கே அதெல்லாம் செல்லாது, பழைய ஆட்டம் மட்டும்தான் என்றேன்.

"ரொம்ப நல்லது தம்பி. உங்க பழைய ஆட்டம் வெள்ளக்காரன் கப்பல்ல வர்றதுக்கு முன்னாடியே எங்க வூட்டு ராஜா தாவிக்கிட்டு இருந்தாரு."

மஞ்சள் பை

கடைசியில் ஒரு சனிக்கிழமை கலைவாணி பந்தயத்துக்கே கூப்பிட்டுவிட்டார். பின்வரிசையைக் கலைத்து வைத்து ஒரே ஆட்டம். நான் ஜெயித்தால் இரண்டாவது அட்டை இருக்கும். தோற்றால் இறங்கும், சனிக்கிழமைகள் அவர்கள் இஷ்டம். ஒரு மஞ்சள் பையிலிருந்து காய்களைக் குலுக்கி எடுத்து வரிசையாக வைத்தோம்.

என் பழக்கம் என்னவென்றால், மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதலில் இரண்டு கட்டம் தள்ளுவேன். அடுத்து, பார்க்காமலே பக்கத்துக் குதிரையைத் தூக்குவேன். அன்றும் சிப்பாயைத் தள்ளினேன். அடுத்து, பார்க்காமலே தூக்கினேன். குதிரை இருக்கவேண்டிய இடத்தில் குலுக்கலில் உட்கார்ந்திருந்தது ராஜா! கலைவாணி, சங்கர், முசியே மூன்று பேரும் முதல் அட்டையைப் பார்த்தார்கள். தொட்ட காயை நகர்த்தத்தானே வேண்டும்? ராஜாவைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்புறம் அவரைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது. இருபதாவது மூவில் செக். போக இடமில்லை. காது வரைக்கும் சூடேறியது.

"எங்க வூட்டு ரூலப் போட்டுக்குங்க தம்பி, ஒரு தாவு தாவிடட்டும்" என்றார் முசியே.

"தாராளமா தாவுங்க சார்" என்றார் கலைவாணி. "ஆனா உங்க அட்டைப்படி அது பழைய ஆட்டம் இல்ல. தாவுனா அட்டை எறங்கிடும்."

தாவாவிட்டாலும் அட்டை இறங்கும். தாவினால் ஆட்டமாவது மிஞ்சும். தாவினேன். அதற்குப் பிறகு ஆடிய பதினோரு மூவில் ஒன்றுகூட எனக்கு மனப்பாடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோற்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று நானே கேட்டுவிட்டேன். கலைவாணி காய்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கித்தான் சார் நீங்க யோசிச்சு பாக்குறேன்."

பழைய ஆட்டத்தைக் காப்பாற்றக் கிளம்பி அதைவிடப் பழைய ரூலைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டதால், கழற்றிய அட்டையின் பின்பக்கத்தில் அந்த ரூலையே என் கையால் எழுதி மாட்டிவிட்டேன்.