ஊதா கர்ச்சீப் போட்ட சீட்டு

போன வாரம் காரிலேயே கன்னியாகுமரி போய்விட்டு வந்தோம். கடல் நன்றாக இருந்தது. சூரியன் நேரத்துக்கு உதித்தது. அதைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் காரின் பின்சீட்டைப் பற்றி.

எங்கள் கார் சின்னது. எவ்வளவு சின்னது? டிக்கியில் அரிசி குக்கரை வைத்தால் மூடியை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஐந்து பேர். ஓட்டுவதற்கு வீட்டுக்காரர். முன்சீட்டில் காலேஜ் படிக்கும் மகன் — அவன் கால் பின்னால் மடங்காது. பின்னால் ஒரு ஜன்னல் மகளுக்கு. அவளுக்கு வாந்தி வரும், அதனால் யாரும் வாதாடுவதில்லை. இன்னொரு ஜன்னல் மாமனார் இருந்தவரை அவருடையது.

நான்? கல்யாணமான நாளிலிருந்து நடு சீட்டு. "நீதான் ஒல்லி" என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அந்தக் காரணம் காலாவதியாகி ரொம்ப நாளாகிறது, சீட்டுதான் மாறவில்லை. காலுக்குக் கீழே மேடு, மடியில் முறுக்கு டின், இரண்டு தோளிலும் தூங்கி விழும் இரண்டு தலைகள்... ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் கியரும், கண்ணாடியில் தொங்கும் பிள்ளையாரும்தான்.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த முறை அவர் இடத்தில் என் நாத்தனார் சரசா அக்கா வருகிறார். தினமும் ரயிலில் பெங்களூரு கார்மென்ட்ஸுக்குப் போய் வேலை பார்த்து இப்போதுதான் ரிடையர் ஆனவர். அதுவரை லீவே கிடைக்காததால் எங்களோடு எங்கேயும் வந்ததில்லை. அக்கா நிஜமாகவே ஒல்லி. நடு சீட்டுக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா? இந்தத் தடவை ஜன்னல் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாயால் கேட்டால் நம் வீட்டில் நடக்குமா? அதனால் ஊர் வழக்கத்தைக் கையில் எடுத்தேன்.

எங்கள் ஊரான தங்கவயலில் பாதிப் பேர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலை வண்டி நிற்கும்போதே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்புகள் உள்ளே விழும். விழுந்த இடம் போட்டவருடையது. அப்புறம் எத்தனை கூட்டம் ஏறினாலும் சரி, அடுத்தவர் கர்ச்சீப் மேல் எங்கள் ஊர்க்காரர் உட்கார மாட்டார். கட்சி மாறுவார், கர்ச்சீப்பை மட்டும் தள்ள மாட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலமே என் ஊதா கர்ச்சீப்பை அந்த ஜன்னல் சீட்டில் விரித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் மூட்டை ஏற்றும் வேலை ஆரம்பித்தது. எங்கள் மைசூர் மைன்ஸ் லைன் வரிசை வீடுகளில் ஒரு வீடு ஊருக்குப் போனால் லைனே போவதாகக் கணக்கு. பக்கத்து வீட்டு குளோரி அக்கா பிரஷர் குக்கரோடு வந்தார்.

"சேலம் வழியாத்தான போறீங்க? எம் பொண்ணாண்ட இத்தக் குடுத்துடுங்க."

வீட்டுக்காரருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. "எங்கப்பா காலத்துல சொரங்கத்து கேஜ்ல எத்தினி பேரு நெருக்கிகினு கீழ எறங்குவாங்க தெரியுமா? எடம் நாமதான் பண்ணிக்கணும்" என்றார்.

"அவங்க குக்கர் எடுத்துகினு எறங்கலையே" என்றேன். காதில் வாங்கவில்லை.

டிக்கி நிரம்பி, மூட்டைகள் பின்சீட்டின் கால் வைக்கும் இடத்துக்கு வந்தன. மகன் தலையணைப் பையை ஜன்னல் சீட்டில் வைக்கப் போனான்.

"டேய், கர்ச்சீப்பு கீது பாரு. எடுறா" என்றார் அவன் அப்பா. யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

விடிகாலையில் கிளம்பும்போது கேஸை மூடி, கொல்லைக் கதவைப் பூட்டி, சாவியை குளோரி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைசியாக வந்தேன். வீட்டைப் பூட்டுகிறவள்தானே எப்போதும் கடைசி? வந்து பார்த்தால், என் ஜன்னலில் சரசா அக்கா. கையில் என் கர்ச்சீப், நாலாக மடித்து.

"அக்கா... அந்தக் கர்ச்சீப்பு..."

"இந்தா, அழுக்காவக் கூடாதுன்னு எடுத்து வச்சிகினேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி வருசம் ரயில்ல போயிருக்கேன். பாதி நாளு கதவாண்ட நின்னுகினுதான் போவேன். எனக்குன்னு ஒருத்தரும் கர்ச்சீப்பு போட்டதில்ல. நீ போட்டு வச்சிருக்க பாரு..."

கர்ச்சீப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு வந்தது துக்கமா, ஏமாற்றமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். நான் நடுவில் போவதற்காக அக்கா இறங்கி வழிவிட்டார் — ஒரு கையை அந்தச் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு.

முறுக்கு டின் மடிக்கு வந்தது. சேலம் வரை அதன் மேல் குக்கர்.

வழி முழுக்க அக்கா கமெண்ட்ரி. "அந்தாண்ட பாரு, மயிலு."

"எங்கக்கா?"

"பூடுச்சி."

காற்றாலை, ஆட்டு மந்தை, மலை மேல் கோயில் — நான் எட்டிப் பார்ப்பதற்குள் எல்லாம் பூடுச்சி. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வந்த அந்த முகத்தைப் பார்த்தால் கோபமும் வரவில்லை.

ஊர் திரும்பும் நாள். லாட்ஜில் கட்டிலுக்கு அடியில் சார்ஜர் கிடக்கிறதா என்று தேடிவிட்டு, வழக்கம் போல் கடைசியாக வந்தேன். அக்கா நடு சீட்டில், மடியில் முறுக்கு டின்னோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் சீட்டில் கட்டம் போட்ட கர்ச்சீப் ஒன்று.

"யாருக்குக்கா இது?"

"உனக்குத்தான். ஏறு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரும்போது நீ போட்டது உனக்குன்னு எனக்குத் தெரியாதா? ரயில்ல அத்தினி வருசம் போனவ. கர்ச்சீப்பு யாரு யாருக்குப் போட்டதுன்னு பார்த்ததும் சொல்லிடுவேன்."

"தெரிஞ்சுமா உக்காந்தீங்க?"

"போறப்போதான எல்லாம் புதுசா இருக்கும்? திரும்பி வர்றப்போ பார்த்ததுதான. அதான் உனக்குக் குடுத்துட்டேன்."

அவர் பார்த்த வழிதான். நான்தான் பார்க்கவே இல்லையே! ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

திண்டுக்கல் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, அந்தாண்ட பாருங்க, மயிலு."

டின்னைப் பிடித்துக்கொண்டு எக்கினார். "எங்க?"

"பூடுச்சிக்கா" என்றேன்.

அதைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது நடு சீட்டில் இருந்தவரை எனக்குத் தெரியவே தெரியாது.