ஐந்து என்று வந்த பதில்

எண்பதுகளின் நடுவில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மிளகுக் கிடங்கு, மாடியில் நாங்கள். படியேறும்போதே தும்மல் வந்துவிடும். அங்கே புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரை டெலக்ஸ் இயந்திரத்தோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டெலக்ஸை இன்று பலருக்குத் தெரியாது. இங்கே தட்டச்சு செய்தால் வேறோர் ஊரில் உள்ள இயந்திரத்தில் அச்சாகும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் என் டிரைவர் ஓர் எண்ணைத் திருப்பித் தரவேண்டும். போய்விட்டால் பூஜ்யம், போகாவிட்டால் மைனஸ் ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். வேலை முடிந்ததென்று நிம்மதியாகவும் இருந்தேன்.

டெலக்ஸ் ஆபரேட்டர் என் வயதுப் பெண், மலையாளி. எங்களிடம் தமிழ் கலந்து பேசுவாள். இரண்டாம் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எடீ, தப்புன்னு மட்டும் வந்தா ஞான் என்ன செய்யணும்? லைன் இல்லேன்னா காத்திருக்கணும். பிஸின்னா பின்னேயும் அடிக்கணும். பேப்பர் தீர்ந்தா பேப்பர் போடணும். ஏதுன்னு உன் புரோகிராமுக்கு அறியாமா? அறியும்னா எனக்கும் சொல்லட்டுமே!”

சுருக்கென்றது. காரணம் டிரைவருக்குத் தெரியும். சோம்பல்பட்டு அதை மறைத்தது நான்தான்.

இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு கோளாறுக்கும் தனி எண். அப்போதுதான் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. எதிர்முனை இயந்திரம் எடுத்ததும் தன் அடையாளப் பெயரை அனுப்பும். அதை என் புரோகிராம் பார்ப்பதே இல்லை. யார் எடுத்தாலும் பூஜ்யம்தான்! நம் பதிவேட்டில் உள்ள பெயர் வராவிட்டால் ஐந்து என்று சேர்த்தேன். எண்களையும் அவற்றின் பொருளையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

பாலக்காட்டுக்காரரான மேனேஜருக்கு எரிச்சல். “என்னத்துக்கு இத்தனை நம்பர்? போச்சா போகலையா, அது தெரிஞ்சாப் போறும்” என்றார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் காலை, எங்களிடமிருந்து கிளம்பித் தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து அவசரத் தகவல் வந்தது. மாலுமி ஒருவருக்குத் தாங்கமுடியாத வயிற்றுவலி, காய்ச்சல். கப்பல் மதியம் துறைமுகத்துக்கு வெளியே வந்து சேரும்போது டாக்டரும் படகும் தயாராக இருக்கவேண்டும். அங்குள்ள ஏஜென்டுக்கு ஆபரேட்டர் உடனே செய்தி அடித்தாள்.

திரையில் ஐந்து.

மேனேஜர் சுவரைப் பார்த்தார். “வேற யாரோவா எடுத்திருக்கா?”

“நம்பர் மாறிப்போச்சு சார்!” என்று ஆபரேட்டர் தூத்துக்குடிக்கு டிரங்க் கால் பதிவு செய்ய ஓடினாள். பல மடங்குக் கட்டணத்தில் உடனே இணைப்புத் தரும் லைட்னிங் கால் போட்டு, கத்திக் கத்திப் பேசினாள். அந்த வாரம்தான் அவர்களுடைய டெலக்ஸ் எண் மாறியிருந்தது, எங்களுக்குச் சொல்லவில்லை. பழைய எண்ணில் சம்பந்தமே இல்லாத ஓர் அலுவலகம். புதிய எண்ணில் திரும்ப அடித்தாள். இந்த முறை பூஜ்யம் வந்தது.

மறுநாள் பதில் வந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். ஆபரேஷன் முடிந்து பிழைத்துவிட்டார். மேனேஜர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, “பழைய புரோகிராமா இருந்தா போயாச்சுன்னு நெனச்சுண்டு சாயா குடிச்சிண்டிருப்போம், இல்லையா?” என்றார். நான் தலையாட்டினேன். ஆபரேட்டர் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது, சிரித்துக்கொண்டேன்.

அதன்பிறகு எத்தனையோ பெரிய வேலைகள் செய்திருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் முகம்கூடத் தெரியாத ஒருவர் பிழைத்ததில் நானும் நேர்மையாக ஒரு கை கொடுத்தேன் என்ற பெருமையைத்தான் இன்றும் என்னுடைய சம்பாத்தியமாக நினைக்கிறேன்.