நூற்று நாற்பதுக்குக் கீழே

என் அம்மா ஹில்க்கா, எங்கள் ஊர் லியெக்சாவைச் சுற்றியுள்ள காட்டுச் சாலைகளில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். போன ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது ரத்த அழுத்தம் 162 காட்டியது. பள்ளி திறப்பதற்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அம்மாவுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

மறுநாளே உப்பு மீன் வாளி சித்தி வீட்டுக்குப் போனது. தொத்திறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும் நின்றன. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் காட்டுப் பழமும், மதியம் முட்டைக்கோஸ், பீட்ரூட், உப்பில்லாத உருளைக்கிழங்கு, தயிர். பட்டம் வாங்கிய மிடுக்கில் நான் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்துத்தான் வாங்கினேன்.

"நம்ம வம்சத்துலயே மொதமொதல்ல பல்கலைக்கழகம் போனவன். போயி ரொட்டிக் கவரு படிக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்பார் அம்மா, பெருமையோடுதான்.

"கெழங்கு எப்படிம்மா இருக்கு?"

"மொத வாரம் அட்டை மாதிரி இருந்துச்சு. இப்பதான் கெழங்கு மாதிரி இருக்கு."

ஜூன் முடிவில் 156. அவ்வளவுதான் இறங்கியது. சுகாதார நிலையத்தில் அளந்து பார்த்த நர்ஸ் மீர்யா அம்மாவின் பள்ளித் தோழி.

"திருட்டுத்தனமா மீன் திங்கறியாடி?"

"வீட்டுல உப்பு டப்பாவே இல்லடி. இவனைக் கேளு."

"அப்ப ஒன் நாக்கு ஏன் கறுத்துக் கெடக்கு?"

அம்மா கோட்டுப் பையிலிருந்து சல்மியாக்கிப் பொட்டலத்தை எடுத்தார். எங்கள் ஊர்க் கறுப்பு மிட்டாய். "மீனை விட்ட வாய்க்கு ஏதாச்சும் வேணாமா? ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டு. மிட்டாய்தானே."

"அது பூரா அதிமதுரம்டி. ஒடம்புல இருக்கற உப்பை வெளிய விடாம புடிச்சு வச்சுக்கும். ஒரு பக்கம் எறைச்சு, மறுபக்கம் அணை கட்டியிருக்கே." மீர்யா என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள, நீ இதைப் படிக்கலையா?"

படிக்கவில்லை. சல்மியாக்கியை இங்கே யாரும் தின்பண்டமாகவே கணக்கில் வைப்பதில்லை; மூச்சு விடுவது மாதிரி அது.

அம்மா அன்றே நிறுத்தினார். பத்து நாள் என்னிடமும் மீர்யாவிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஞ்சியையும் காய்களையும் மட்டும் விடவில்லை. ஐந்து வாரம் கழித்து 134. மருத்துவர் இரண்டு தடவை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி திறந்த அன்று முதல் பிள்ளை ஏழரைக்குத்தான் ஏறும். அம்மா ஆறு மணிக்கே பேருந்தை எடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று கேட்டேன்.

"ரோடெல்லாம் வச்ச எடத்துலயே இருக்கான்னு பாக்கணும்ல."